சரிங்க பரிமாறிய மேஜைகள்

அந்த ஓட்டலில் ஜன்னலோரம் உட்கார்ந்து சாப்பிட்டவர்களுக்கு மட்டும் பசி அடங்கவில்லை. ரொட்டி, சூப், முட்டை, மீன், மறுபடியும் ரொட்டி என்று தட்டு தட்டாக உள்ளே தள்ளிவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தால், வரும்போது இருந்த அதே பசி அப்படியே வயிற்றில் இருந்தது. சுவரோரம் சாப்பிட்டவர்களோ ஏப்பம் விட்டுக்கொண்டு போனார்கள். இத்தனைக்கும் ஒரே அடுப்பு, ஒரே சட்டி, சமைப்பதும் ஒரே மாஸ்டர். டீ விலை ஏறிய வருடம் இது தொடங்கியது என்று ஊரில் எல்லோருக்கும் நினைவிருக்கிறது, ஏனென்றால் அந்த வருடம் டீ விலையைப் பற்றித்தான் சண்டை போட்டார்கள். பசியைப் பற்றி அப்போது யாரும் வாய் திறக்கவில்லை. சாப்பிட்டும் பசி போகவில்லை என்று ஓட்டலில் எப்படிப் போய்ச் சொல்வது? இன்னொரு ரொட்டி கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

முதலாளிக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஜன்னலோரத்து ஆட்கள் மும்மடங்கு சாப்பிட்டார்கள்; கல்லாப்பெட்டி மூட முடியாமல் பிதுங்கியது. அவர் மட்டும் தன் ஓட்டலில் கை நனைத்ததில்லை. மத்தியானம் வீட்டிலிருந்து மனைவி கொடுத்தனுப்பும் கேரியரைக் கல்லாவுக்குப் பின்னால் திரும்பி உட்கார்ந்து சாப்பிடுவார். இன்னொரு வழக்கமும் அவருக்கு உண்டு, அது அவருடைய அப்பா காலத்திலிருந்து வருவது: பரிமாறும் சப்ளையர்களுக்குச் சம்பளம் கிடையாது. டிப்ஸ் வருவதை வைத்துப் பிழைத்துக்கொள்ள வேண்டியது. "நான் இடம் குடுக்கறேன், சாப்பிடறவங்க காசு குடுக்கறாங்க. நடுவுல சம்பளம் எங்க வந்துச்சு?" என்பார். மாஸ்டருக்குச் சம்பளம் உண்டே என்று கேட்டால், மாஸ்டர் கோபித்துக்கொண்டு போனால் அடுப்பு அணைந்துவிடும் என்பார். நியாயத்தை எவ்வளவு அழகாகப் பிரித்து வைத்திருந்தார் பாருங்கள்!

சுவரோரம் பரிமாறியவர்கள் ஓர் அண்ணனும் தம்பியும். கல்யாணம் ஆகாதவர்கள், அப்பா வீட்டில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வேலைக்கு வருகிறவர்கள். ஜன்னலோரம் பரிமாறியவள் ஒரு பெண். அவள் பெயர் ஊரில் பலருக்குத் தெரியாது. சரிங்க என்றே கூப்பிட்டார்கள். ரொட்டி கருகியிருக்கிறது என்றாலும் சரிங்க, சீக்கிரம் வா என்றாலும் சரிங்க, இன்றைக்குச் சில்லறை இல்லை நாளைக்குப் பார்க்கலாம் என்றாலும் சரிங்க. அவள் புருஷன் வேலை தேடி எங்கோ போனவன். வேலை கிடைத்ததோ என்னவோ, திரும்பி வர வழி மட்டும் கிடைக்கவில்லை. ஆறு வயது மகளை அரைநாள் பஸ் தூரத்திலிருந்த அக்கா வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தாள். தங்கியிருந்த பெண்கள் விடுதியில் குழந்தைக்கு அனுமதி இல்லை. வேலைக்குச் சேர்ந்த அன்று, பாப்பாவை அடுப்படிக்குப் பின்னால் ஓரமாக உட்கார வைத்துக்கொள்ளட்டுமா என்று முதலாளியிடம் கேட்டாள். "இது ஓட்டலா, பள்ளிக்கூடமா?" என்றார் அவர். சரிங்க என்றாள்.

முடிவெட்டுகிறவரின் கடைக்கு மேலே ஓர் அறை காலியாக இருந்தது. குழாய் உள்ளேயே இருந்தது, ஜன்னலைத் திறந்தால் பள்ளிக்கூட வாசல் தெரிந்தது. அவள் போய்க் கேட்டபோது அவர் கத்தரியை நிறுத்தாமலே பேசினார்.

"மாசச் சம்பளம் எவ்வளவும்மா?"

"சம்பளம் இல்லீங்க. டிப்ஸ் வருதுங்க."

"எவ்வளவு வரும்?"

"சில நாள் நல்லா வரும். சில நாள் வராதுங்க."

"வாடகைத் தேதி எல்லா மாசமும் வருமேம்மா. முதலாளிகிட்ட மாசச் சம்பளம்னு ஒரு வார்த்தை வாங்கிட்டு வா, சாவி உன்னோடது." கெட்ட மனிதர் இல்லை அவர். பாவமாகத்தான் இருந்தது, ஆனால் பாவத்திலிருந்து வாடகை வராது என்று அவருக்குத் தெரியும். அவள் ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போகும்போது அந்த ஜன்னலை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனாள்.

பசிக்குக் காரணத்தைக் கண்டுபிடித்தவர் மாஸ்டர். தன் கைப்பக்குவத்தைப் பற்றி ஊரில் முணுமுணுப்பு வந்ததும் மனிதருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. கரண்டியோடு அடுப்படி வாசலில் நின்று இரண்டு வரிசையையும் கண்கொட்டாமல் பார்த்தார். பிறகு சரிங்கவை உள்ளே கூப்பிட்டு, "காலைல நீ சாப்டியா?" என்று கேட்டார். இல்லீங்க மாஸ்டர் என்றாள். கடைசி மேஜையைத் துடைத்த பிறகுதான் சப்ளையர் சாப்பிடலாம் என்பது அந்த ஓட்டலின் சட்டம். மாஸ்டர் சட்டத்தைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டு இரண்டு முட்டையை உடைத்து ஊற்றினார். அன்று ஜன்னலோரம் சாப்பிட்டவர்கள் முதல் தட்டிலேயே வயிறு நிறைந்து எழுந்தார்கள். ஊருக்கு விஷயம் புரிந்தது: அவளுக்குள் என்ன இருக்கிறதோ அது தட்டோடு சேர்ந்து வருகிறது. அட, அவ்வளவுதானா என்று நிம்மதியானார்கள். முதலாளிக்குத்தான் முகம் தொங்கிப்போனது, ஜன்னலோரத்து வியாபாரம் மூன்றில் ஒரு பங்காகிவிட்டதே.

ஆனால் பசி விலகியதும் அதற்கு அடியில் இருந்தது மேலே வந்தது. சனிக்கிழமை கூட்டம் அதிகம், அவளுக்கு டிப்ஸும் அதிகம்; சனிக்கிழமை சாயங்காலம் அவளிடம் சாப்பிட்டவர்கள் துள்ளிக்கொண்டு போய்ப் புதுச் செருப்பு வாங்கினார்கள். செவ்வாய்க்கிழமை ஈ ஓட்டுகிற நாள். அன்று சாப்பிட்டவர்கள் பீதியடைந்து அந்தச் செருப்பைத் திருப்பிக் கொடுக்கப் போனார்கள். சொந்த வீட்டில் இருக்கிற வங்கிக் குமாஸ்தா, வாடகை எப்படிக் கட்டுவது என்று மனைவியிடம் புலம்பினார். யாருக்கு, உங்களுக்கேவா என்று அந்த அம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். இதில் வேடிக்கை என்னவென்றால், பயந்தவன் கை சும்மாவே மடங்கும். அவளுக்கு வரும்படி குறைந்த நாளில் சாப்பிட்டவர்கள் அவளுடைய பயத்தையே வாங்கிக்கொண்டு, அந்தப் பயத்திலேயே டிப்ஸ் வைக்காமல் எழுந்து போனார்கள். முடிவெட்டுகிறவரும் ஒரு செவ்வாய்க்கிழமை அங்கே சாப்பிட்டுவிட்டு வந்து, சம்பளம் இல்லாதவர்களுக்கு அறை கிடையவே கிடையாது என்று கடை வாசலில் எழுதிப் போட்டார்.

முதலாளி ஒரு யோசனை செய்தார். சுவரில் ஒரு போர்டு மாட்டினார்: பரிமாறுகிறவருக்குத் தாராளமாகக் கொடுங்கள். மற்றவர் பையில் கைவிடுகிற யோசனை அவருக்குச் சட்டென்று வரும். ஊர் நல்ல ஊர்தான், கொடுத்தார்கள். கொஞ்ச நாளைக்குப் பயம் தணிந்தது. உடனே அதற்கும் அடியில் இருந்தது மேலே வந்தது, அதுதான் பெரியது.

ஜன்னலோரம் சாப்பிட்டவர்கள் கை கழுவிவிட்டு நேராகப் பஸ் நிலையத்துக்குப் போக ஆரம்பித்தார்கள். யாரோ வர வேண்டும் என்று இருந்தது. யார் என்று தெரியவில்லை. வங்கிக் குமாஸ்தா, முடிவெட்டுகிறவர், காய்கறிக்காரம்மா, அவசர வேலை இருக்கிறவர்கள் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வரிசையாக நின்றார்கள். பஸ் வரும், மூட்டைகள் இறங்கும், ஒரு ஆடு இறங்கும். இவர்கள் கடைசி ஆள் இறங்கும்வரை பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்புவார்கள். நாலு மகன்களைப் பெற்ற காய்கறிக்காரம்மா, எங்கேயோ ஒரு பெண் குழந்தையை மறந்து விட்டுவிட்டு வந்ததுபோல இருக்கிறது என்று அழுதாள்.

அந்தச் சமயத்தில் முதலாளியின் மனைவி தங்கையின் பிரசவத்துக்காக ஊருக்குப் போனாள். கேரியர் வரவில்லை. வேறு வழியில்லாமல், பிறந்ததிலிருந்து முதல்முறையாக முதலாளி தன் ஓட்டலில் சாப்பிட உட்கார்ந்தார், அதுவும் காற்றோட்டமாக இருக்கிறதே என்று ஜன்னலோரம். சரிங்க தட்டை வைத்தாள். பாதி ரொட்டியை அப்படியே தட்டில் வைத்தார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவருக்குக் குழந்தை இல்லை. டாக்டர், மருந்து எல்லாம் பார்த்து ஓய்ந்தவர். அப்படிப்பட்டவருக்கு அந்த நிமிஷம் தலை வாரும்போது கத்துகிற ஒரு மகள் இருந்தாள். தூக்கத்தில் அம்மா வயிற்றின்மேல் காலைப் போடுகிறவள். கையைக்கூடக் கழுவாமல் பஸ் நிலையத்துக்கு ஓடினார்.

"இன்னிக்கும் வரலியே," என்றார் முடிவெட்டுகிறவர்.

"முன்பல்லு ரெண்டு விழுந்திருக்கும்," என்றார் முதலாளி. "தலை வார விடமாட்டா."

"ஆமா, ஆமா, அவதான்! யாரு அது? உங்களுக்குத் தெரியுமா?"

அங்கே நின்ற அத்தனை பேரில் முதலாளிக்கு மட்டும்தான் தெரியும், ஓட்டலா பள்ளிக்கூடமா என்று கேட்ட வாய் அவருடையதுதானே. வெட்கத்தில் காது சிவந்துபோய்த் திரும்பி வந்தார். ஆனாலும் பழைய புத்தி அவ்வளவு சீக்கிரம் போகுமா? சரிங்கவைக் கூப்பிட்டு, போர்டைப் பெரிதாக எழுதி வைக்கிறேன், வாசலிலும் ஒன்று மாட்டுகிறேன் என்றார்.

"வேண்டாங்க," என்றாள் அவள்.

ஓட்டலே நிமிர்ந்து பார்த்தது. மாஸ்டர் கரண்டியைக் கீழே போட்டுவிட்டார்.

"அவங்க குடுக்கறது அவங்க இஷ்டங்க. நான் உங்ககிட்டதான வேலை பாக்கறேன். மாசச் சம்பளம் குடுங்க, என் பொண்ணைக் கூட்டிட்டு வரணும்."

எவ்வளவு என்று கேட்டார். வாடகை, சாப்பாடு, பள்ளிக்கூடம் எல்லாம் சேர்த்து எப்போதோ கூட்டி வைத்திருந்தாள், சொன்னாள். பேரம் பேச முதலாளி வாயைத் திறந்தார். சாப்பிட்டது இன்னும் செரிக்கவில்லை, மூடிக்கொண்டார்.

"அண்ணன் தம்பிக்கும் குடுங்க," என்றாள்.

"அவனுங்களுக்கு எதுக்கு? அப்பா வீட்ல சாப்பாடு இருக்கே."

"அப்பா சாப்பாடு போடறாருங்க. வேலை உங்களுக்குல்ல பாக்கறாங்க."

இந்த முறை முதலாளி "சரிங்க" என்றார்.

ஒன்றாம் தேதியிலிருந்து சூப் விலை கொஞ்சம் ஏறியது. சிலர் கத்திவிட்டு எதிர் ஓட்டலுக்குப் போனார்கள், அங்கே ஜன்னலோரம் பசி அடங்கவில்லை என்று திரும்பி வந்தார்கள். போர்டைக் கழற்றி மாஸ்டர் காய்கறி நறுக்கும் பலகையாக வைத்துக்கொண்டார். டிப்ஸ் வைப்பதை ஊர் நிறுத்தவில்லை. இப்போது அதனால் யாருக்கும் பயமோ பரபரப்போ வருவதில்லை, பழைய சட்டைப் பையில் நோட்டு கிடைத்ததுபோல ஒரு சின்ன குஷி, அவ்வளவுதான். முடிவெட்டுகிறவர் சாவியைக் கொடுத்தார். அக்கா வீட்டிலிருந்து சிறுமி பஸ்ஸில் வந்து இறங்கியபோது நிலையத்தில் நிற்க இடமில்லை. இத்தனை பேர் தன்னைப் பார்த்து ஏன் மூக்கைச் சிந்துகிறார்கள் என்று அவளுக்குப் புரியவில்லை. முன்பல்லில் ஒன்று முளைத்திருந்தது.

முதலாளியின் வீட்டிலிருந்து அதற்குப் பிறகு கேரியர் வந்ததில்லை. அவரும் மனைவியுமாக மத்தியானம் ஜன்னலோரம் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். சிறுமிக்குக் காய்ச்சல் வந்த அன்று அங்கே சாப்பிட்டவர்கள் எல்லோரும் வீட்டுக்குப் போய்த் தங்கள் பிள்ளைகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்கள். பிள்ளை இல்லாத இவர்கள் இருவரும் முடிவெட்டுகிறவர் கடையின் மாடிப்படியில் போய் உட்கார்ந்திருந்தார்கள். இன்றைக்கும் நாலு மணிக்கு அந்தக் கடைத்தெருவில் பாதிக் கடைகள் மூடியிருக்கும். வங்கியில் இரண்டு கவுண்டரில் ஆள் இருக்காது. வெளியூர்க்காரர் யாராவது வந்து இந்த நேரத்தில் எதற்கு மூடினார்கள் என்று கேட்டால், திறந்திருக்கிற கடைக்காரர் தலையைத் தூக்காமல் சொல்வார்: "ஸ்கூல் விடுற நேரம். கூட்டிட்டு வரப் போயிருக்காங்க."