சொய்லா வீட்டு அடுப்படிச் சுவர்

ஈக்வடாரின் தலைநகரான கீட்டோவின் பழைய பேட்டையில் ஒல்மேதோ சொன்ன எதையும் உள்ளூர்க்காரர் யாரும் நம்பியதில்லை. அதனாலேயே அவனால் யாருக்கும் கெடுதலும் வந்ததில்லை. ஞாயிறுதோறும் மஞ்சள் குடையைத் தூக்கிப் பிடித்து, ஊர் பார்க்க வந்த வெளிநாட்டுக்காரர்களைப் பின்னால் இழுத்துக்கொண்டு சான் ரோக்கே மேட்டில் ஏறுவான். கன்னிமாடத்து மணி லத்தீனில்தான் அடிக்கும் என்பான். மேட்டுத் தெருவில் கோழி முட்டையிட்டால் அது உருண்டு கீழ்த்தெருவுக்குப் போய்விடும், ஆகவே கீழ்த்தெருக்காரர்கள் கோழி வளர்ப்பதில்லை, வாசலில் மெத்தை விரித்து வைப்பதோடு சரி என்பான். ஒரு தடவை நிஜமாகவே ஒரு வாசலில் மெத்தை காய்ந்துகொண்டிருந்தது. அன்றைக்கு ஒல்மேதோவே கொஞ்சம் பயந்துபோனான்.

சுற்றிவந்த கூட்டம் கடைசியில் சொய்லாவின் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து, அவள் இலவங்கப்பட்டை போட்டுக் காய்ச்சிக் கொடுக்கும் பட்டைத் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கலையும். அந்த ஞாயிறு கன்னிமாடம் பூட்டிக் கிடந்ததால் ஒல்மேதோவுக்குக் கதை போதவில்லை. முற்றத்தில் நின்று அடுப்படிச் சுவரைக் குடையால் காட்டினான்.

"இந்தச் சுவருக்குள்ளதான் ஒரு விதவை பானை நிறையத் தங்கத்தை வெச்சு மண்ணைப் பூசினா. இன்னிக்கு வரைக்கும் யாரும் எடுக்கலை."

சொல்லிவிட்டுத் தொப்பியைக் கழற்றினான்.

உள்ளே கிளறிக்கொண்டிருந்த சொய்லாவின் கரண்டி நின்றது. இத்தனை வருஷத்தில் ஒல்மேதோ பொய் சொல்லும்போது தொப்பியைக் கழற்றி அவள் பார்த்ததில்லை.

கூட்டம் போனதும் அவனை மடக்கினாள். "ஏன்யா, அந்த விதவை யாரு?"

"எந்த விதவை?"

"சுவத்துக்குள்ள வெச்சவ."

"அட, அது பொய்க்கா. வாய்க்கு வந்ததைச் சொன்னேன்."

"தொப்பியை ஏன் கழட்டின?"

"தலை அரிச்சுது."

இவ்வளவு சின்னக் காரணம் சொல்கிறான் என்றால் பெரிய காரணம் ஒன்று இருக்கத்தான் வேண்டும் என்று சொய்லா தீர்மானித்தாள். வேறு எதைக் கேட்டாலும் அரை மணி நேரம் அளப்பவன் இதற்கு மட்டும் இரண்டு வார்த்தையில் பதில் சொன்னானே!

அவளுக்குக் கவலை தங்கத்தைப் பற்றி அல்ல, சுவரைப் பற்றி. அப்படித்தான் அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வீட்டின் பெரிய உத்தரம் அந்த மண்சுவரின்மேல்தான் உட்கார்ந்திருந்தது. போன வருஷம் ஓடு மாற்ற வந்த மேஸ்திரி சுவரைத் தட்டிப் பார்த்து, "அம்மா, இதுல ஆணிகூட அடிக்காதீங்க. அப்புறம் கூரை உங்க மடியில வந்து உக்காந்துக்கும்" என்று சொல்லிப் போயிருந்தான். மழைக்காலம் வேறு தொடங்கிவிட்டது. அவளுக்கு இருந்தது அந்த ஒரு வீடு.

மறுநாளே வீட்டில் விபரீதம் ஆரம்பித்தது. வாடகைக்குக் குடியிருந்த இரண்டு பேரும் ஒருவரிடம் ஒருவர் மரியாதையாகப் பேசினார்கள்.

குழந்தை ஏசு பொம்மைகளுக்குச் சட்டை தைக்கும் செகுந்தோவும், கோயில் வாசலில் கொய்யா நுரை மிட்டாய் விற்கும் பியதாத்தும் துணி துவைக்கிற கல்லுக்காகப் பல வருஷமாக அடித்துக்கொள்கிறவர்கள். அன்றைக்குக் காலையில் செகுந்தோ, "முதல்ல நீங்க துவைங்க பியதாத்தம்மா" என்றான். "ஐயோ, உங்களுக்குத்தான் வேலை அதிகம், நீங்க துவைங்க" என்றாள் அவள். இரண்டு பேரும் துவைக்கவில்லை. கல் காய்ந்து கிடந்தது.

புதையலுக்கு ஒரு குணம் உண்டு. மேட்டில் பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூட அது தெரியும். சந்தேகமோ பொறாமையோ வைத்துக்கொண்டு தோண்டினால் தங்கம் அந்த இடத்திலேயே அடுப்புக்கரியாகிவிடும். மனசைச் சுத்தமாக வைத்துக்கொள்கிறவனுக்குத்தான் கிடைக்கும். இந்த இரண்டு பேரும் எதற்காக மனசைச் சுத்தம் செய்கிறார்கள்?

அப்புறம் தடயங்கள் வந்தன. சூப்பில் மண் கடித்தது. செகுந்தோ தைத்து வைத்திருந்த வெள்ளைப் பட்டுச் சட்டையில் செம்மண் விரல் தடம். பியதாத்தின் பெரிய கரண்டி முனை வளைந்திருந்தது.

"கரண்டிக்கு என்ன ஆச்சு?"

"மிட்டாய் கெட்டியாயிடுச்சுக்கா."

நுரை மிட்டாய் கெட்டியாவதைக் கடவுள்கூடப் பார்த்ததில்லை. பியதாத் கோயிலுக்குப் போனதும் சொய்லா அடுப்படிச் சுவரில் தொங்கிய பெரிய சட்டியை எடுத்துப் பார்த்தாள். பின்னால் ஒரு துளை. புனிதர் படத்தை நகர்த்தினாள். அங்கே இன்னொன்று. அவர்கள் எவ்வளவு ஆழம் போயிருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்வதற்காக மட்டும், நடுவில் மூன்றாவதாக ஒன்றை அவளே தோண்டினாள். அதுதான் எல்லாவற்றிலும் ஆழமாக அமைந்தது.

ஞாயிறு காலையில் இரண்டு பேரையும் அடுப்படிக்குக் கூப்பிட்டாள்.

"இப்படி ஆளுக்கொரு பக்கம் எலி மாதிரி சுரண்டினா வீடு தாங்காது. ஒரே தடவை, ஒரே இடத்துல, சின்னதாத் திறப்போம். இருந்தா மூணு பங்கு. இல்லைன்னா பூசிட்டுப் பொழைப்பைப் பார்ப்போம். ஆனா யாரும் யாரையும் சந்தேகப்படக் கூடாது."

"நான் யாரையும் சந்தேகப்படலை" என்றான் செகுந்தோ, பியதாத்தின் மேல்துண்டைப் பார்த்துக்கொண்டே.

"நானும்தான். இந்த ஆளைக்கூடச் சந்தேகப்படலை" என்றாள் பியதாத்.

"'இந்த ஆளைக்கூட'ன்னா என்ன அர்த்தம்?"

"அர்த்தமே இல்லைங்க. சுத்தமான மனசோட சொன்னேன்."

ஆளுக்கு ஒரு மடக்குக் கரும்புச் சாராயம் குடித்து, சுவருக்கும் ஒரு மடக்கு ஊற்றிவிட்டு நடுத் துளையிலேயே தோண்டினார்கள். சொய்லாவின் கடப்பாரை சட்டென்று வெற்றிடத்தில் இறங்கியது. உள்ளே கையை விட்டாள். கை கறுப்பாக வெளியே வந்தது. கை நிறைய அடுப்புக்கரி.

மூன்று பேரும் குனிந்து அதைப் பார்த்தார்கள். இனிமேல் என்ன சாட்சி வேண்டும்? தங்கம் இருந்திருக்கிறது! ஒரு நிமிஷத்துக்கு முன்னால்கூட இருந்திருக்கிறது!

"யாரு?" என்றாள் சொய்லா மெதுவாக. "யாரு மனசுல சந்தேகம் வெச்சிருந்தீங்க?"

"இவதான்! தோண்டும்போது என் கையையே பார்த்துக்கிட்டிருந்தா!"

"நீ அதை எப்படிப் பார்த்த? நீ என் கண்ணைத்தானே பார்த்துக்கிட்டிருந்த!"

சொய்லா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். தான் யாரைச் சந்தேகப்பட்டோம் என்பதை நினைவுக்குக் கொண்டுவர அவளுக்கு இஷ்டமில்லை. கரியை இடுப்பு ஏப்ரனில் வாரிக் கட்டினாள். அப்போதுதான் மேலே உத்தரம் கிழவன் எழுந்திருப்பதுபோல முனகியது. சுவர் மூன்று துளைகளையும் ஒரே விரிசலாகச் சேர்த்துக்கொண்டது. ஓடு ஒன்று விழுந்து உடைந்தது.

"தோளைக் குடுங்க!" என்றாள் சொய்லா.

மேசைமேல் ஏறி மூன்று பேரும் உத்தரத்துக்குத் தோள் கொடுத்தார்கள். பாரத்தை மூன்று பேரால் தாங்க முடியும், இரண்டு பேரால் முடியாது. யாராவது ஓடி மேஸ்திரியைக் கூட்டிவர வேண்டும், ஆனால் யாராலும் நகர முடியாது. வெளியே மழை பிடித்துக்கொண்டது.

அந்த நேரத்தில்தான் மஞ்சள் குடை முற்றத்துக்குள் வந்தது. ஒல்மேதோ அடுப்படியை எட்டிப் பார்த்தான். முகம் கொஞ்சமும் மாறவில்லை. கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினான்.

"மழை தொடங்கினதும் வீட்டுக்கு வீடு இப்படிக் கூரையைத் தாங்கறது இந்த மேட்டோட பழைய வழக்கம். விருந்தாளிங்களும் தோள் கொடுக்கலாம்."

கணவனும் மனைவியுமாக நெட்டையான இரண்டு பேர் சிரித்துக்கொண்டே மேசைமேல் ஏறித் தோள் கொடுத்தார்கள். மற்றவர்கள் படம் பிடித்தார்கள்.

"யோவ், விளையாட்டில்லை, வீடு விழுது!" என்று சொய்லா கத்தினாள். "அது கரியாயிடுச்சு, உனக்குத் திருப்திதானே!"

ஒல்மேதோ பொந்துக்குள் பார்த்தான். "அக்கா, இது பழைய அடுப்பு. யாரோ மேல மண்ணைப் பூசிட்டுப் போயிருக்காங்க. அடுப்புல கரி இல்லாம வேற என்ன இருக்கும்?"

"பார்த்தீங்களா, எவ்வளவு சீக்கிரமாக் கதை கட்டறான்!" என்றாள் பியதாத்.

"சரி, நான் போய் மேஸ்திரியைக் கூட்டிட்டு வர்றேன்."

போனான், தனியாகத் திரும்பி வந்தான். முகம் இப்போதுதான் மாறியிருந்தது.

"நம்ப மாட்டேங்கறான்க்கா. 'சொய்லா வீடு விழுது'ன்னேன். 'கன்னிமாடத்து மணி என்ன சொல்லுது'ன்னு கேட்டுட்டு மறுபடியும் சூப்பு குடிக்கிறான். அவன் நம்பற ஆள் யாராவது போனாத்தான் வருவான்."

உத்தரம் இன்னொரு விரல் இறங்கியது. சொய்லா செகுந்தோவைப் பார்த்தாள், அவன் கரியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பியதாத்தும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். மடியில் கரியோடு ஓட முடியாது. மேட்டுச் சரிவில் மழைத் தண்ணீர் முழங்கால் வரை ஓடுகிறது. கரியா, கூரையா? அவள் மேசையிலிருந்து இறங்கினாள். ஏப்ரனை அவிழ்த்து அப்படியே அடுப்பின்மேல் வைத்தாள்.

"ஒல்மேதோ, என் இடத்துல நில்லு. யாரும் நகரக் கூடாது."

திரும்பிப் பார்க்காமல்தான் போனாள். தெருமுனையில் மட்டும் ஒருமுறை பார்த்தாள்.

மேஸ்திரி யூகலிப்டஸ் மரம் இரண்டை முட்டுக் கொடுத்து, பொந்துக்குச் செங்கல் வைத்து அடைத்தான். வீடு நின்றது. நெட்டைத் தம்பதிக்குப் பட்டைத் தண்ணீர் கிடைத்தது. அடுத்த வருஷமும் இந்தத் திருவிழாவுக்கு வருவதாகச் சொல்லிப் போனார்கள். கரியும் வைத்த இடத்திலேயே இருந்தது. ஒரு துண்டு குறைவதுபோல் சொய்லாவுக்குப் பட்டது.

அன்று சாயங்காலம் பியதாத் தன் சித்தி சொன்னதாக ஒரு விஷயம் சொன்னாள்: சந்தேகத்தால் கரியானது, சந்தேகம் தீர்ந்தால் மறுபடியும் தங்கமாகிவிடும். சொய்லா உடனே கரியை ஒரு தகரப் பெட்டியில் போட்டுப் பூட்டி, சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். தினமும் காலையில் கதவைத் தாழிட்டுவிட்டுப் பெட்டியைத் திறந்து பார்க்கிறாள். கரியாகத்தான் இருக்கிறது.

"பூட்டி வெச்சா அது எப்படிக்கா மாறும்?" என்றான் ஒல்மேதோ அடுத்த ஞாயிறு. "திறந்து வை. எல்லாரையும் நம்பறேன்னு அதுக்குத் தெரியணும்ல."

சொய்லா அவனுடைய தொப்பியைக் கவனித்தாள். தலையில்தான் இருந்தது.

"திறந்து வெச்சு, அது தங்கமாயிட்டா? அப்போ முதல்ல பார்க்கறது யாரு? நீதானே?"