நீ முறை

இரவுப் பணி முடிந்து வந்தவன் காக்கிச் சட்டையைக்கூடக் கழற்றாமல் சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தான். மடித்துத் திறக்கும் அந்தச் சின்ன விளையாட்டுக் கருவி அவன் முன்னால் திறந்து கிடந்தது. திரையில் ஒரு சத்திரத்து வாசல். மூன்று குட்டி உருவங்கள் வரிசையாக நின்றன. நான்காவது ஆள் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு சவப்பெட்டி இருந்தது. அவன் பொத்தானை ஒருமுறை அழுத்தினான். மூவரும் ஓரடி நகர்ந்தார்கள். பெட்டியும் பின்னாலேயே ஓரடி நகர்ந்தது.

கல்யாணமான புதிதில் பழைய பொருள் கடையில் வாங்கியது அது. குதித்துக் குதித்து ஓடும் விளையாட்டு இல்லை. வாளும் மந்திரமும் வைத்துக்கொண்டு நான்கு பேர் ஊர் ஊராகப் போவார்கள். வழியில் பூதங்கள் மறிக்கும். நாம் ஓர் அடி அடித்தால் அது ஓர் அடி அடிக்கும். நாம் யோசித்துக்கொண்டே இருந்தால் எப்பேர்ப்பட்ட பூதமும் கைகட்டி நிற்கும். அடுப்பில் பால் பொங்கினால் எழுந்துபோய் இறக்கிவைத்துவிட்டு வந்து அடிக்கலாம். "புருஷன்காரன்கூட இவ்வளவு பொறுமையா நிக்க மாட்டான்" என்பாள் அவன் மனைவி.

ஒவ்வொரு சுற்றிலும் திரையில் 'உங்கள் முறை' என்று ஆங்கிலத்தில் வரும். முதல் நாள் அதை அவளுக்கு மொழிபெயர்க்கப் போய், "இப்ப நீ முறை" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டான். அவள் நிஜமாகவே கண்ணை உருட்டி முறைத்தாள். அதிலிருந்து அந்த வீட்டில் கருவி கைமாறும்போதெல்லாம் அதுதான் பேச்சு. "என் வேலை முடிஞ்சுது, இனி நீ முறை." வாங்கிக்கொள்கிறவர் ஒருதடவை முறைத்துவிட்டுத்தான் வாங்க வேண்டும்.

பெயர் வைக்க நான்கு ஆங்கில எழுத்துகளுக்குத்தான் இடம். புருஷனை மனதில் வைத்துத் தடியன் என்று அவள் வைக்கப்போன வாள்வீரன் 'தடி' என்று நின்றான். காயத்துக்கு மருந்து போடும் மந்திரக்காரி, வாயாடி, 'வாயா' ஆனாள். கண்ணில் பட்டதையெல்லாம் சுருட்டும் திருடிக்கு, அவள் தன் உடன்பிறந்தவளை நினைத்து 'அக்கா' என்றே வைத்தாள். போனமுறை வந்தபோது நிஜ அக்கா புது மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு போயிருந்தாள். நான்காவது இடம் வெகுநாள் காலியாகவே கிடந்தது. வயிற்றில் பிள்ளை தங்கியது உறுதியான அன்று அதில் ஒரு குட்டி ஆளைச் சேர்த்து 'பொடி' என்று பெயர் வைத்தார்கள். நான்கு எழுத்தும் கச்சிதமாகப் பொருந்தியது. "பாரு தடியா, இதுக்குன்னே அளவெடுத்த மாதிரி இருக்கு!" என்று அவள் கைதட்டினாள்.

பிள்ளை தங்கவில்லை. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் சக்கர நாற்காலியில் அவளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பஸ் டிப்போவிலிருந்து கிரீஸ் கையோடு ஓடிவந்தவனுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. பூதத்திடம் நால்வரும் மொத்தமாகத் தோற்றுப்போகும்போது அவள் முகம் வாடினால் அவன் வழக்கமாகச் சொல்லும் ஒரு வார்த்தை உண்டு. அதுதான் வாயில் வந்தது. "சரி விடு. சேமிச்ச இடத்துலேருந்து மறுபடி ஆரம்பிக்கலாம்."

அவள் அப்போது முறைக்கவில்லை. முறைத்திருந்தால் தேவலை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அன்றிலிருந்து அவள் பேச்சில் 'நீ' இல்லாமல் போயிற்று. சண்டை போடவில்லை, கோபித்துக்கொண்டு பட்டினி கிடக்கவில்லை. "சாப்பாடு மூடி வச்சிருக்கு." "பால் தீர்ந்துடுச்சு." "சாவி மேசைமேல." யாருக்கும் சொல்லாத வாக்கியங்கள். அவன் பேருந்துகளைப் பழுதுபார்த்துவிட்டுக் காலையில் வீட்டுக்கு வர, அவள் தான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருப்பாள். வாசற்படியில் ஒருவருக்கொருவர் வழிவிட்டு விலகுவதோடு சரி. மாலையில் அவன் கிளம்பும் நேரத்துக்குத்தான் அவள் திரும்புவாள்.

ஆனால் கருவி மட்டும் மேசையில் சார்ஜில் கிடந்தது. ஒருநாள் தூக்கம் வராமல் அதைத் திறந்தவன் அசந்துபோனான். அவன் இல்லாத நேரங்களில் அவள் விளையாடிக்கொண்டிருந்தாள். முதல் ஊரைத் தாண்டாமல், ஒன்றுக்கும் உதவாத பச்சைப் பிராணிகள் துள்ளும் புல்வெளியிலேயே நால்வரையும் சுற்றவைத்துக்கொண்டிருந்தாள். பொடியை வரிசையின் கடைசியில் நிறுத்தி, ஒவ்வொரு சுற்றிலும் வாயாவின் முறையைப் பொடிக்குக் கவசம் போடுவதிலேயே செலவழித்திருந்தாள். நாளுக்கு நாள் பொடி கொஞ்சம் கொஞ்சமாகத் தேறியது. விளையாட்டை முடிப்பதற்காக அல்ல, பொடியை வளர்ப்பதற்காக.

அன்று விளையாட்டுக்குள் இருந்த கடைக்குப் போய்ப் பொடிக்கு ஒரு கம்பளி அங்கி வாங்கி மூட்டையில் போட்டுவைத்தான். மறுநாள் பார்த்தால் பொடி அதை உடுத்தியிருந்தது. தடியின் பையில் அவள் வாங்கிவைத்த ஒரு பச்சிலைக் கட்டு இருந்தது. அப்புறம் தொப்பி, சின்னக் கேடயம் என்று அவன் வாங்கிப்போட்டுக்கொண்டே இருந்தான். அங்கேதான் இருவரும் குடித்தனம் நடத்தினார்கள்.

நேற்று வாசற்படியில் வழக்கத்துக்கு மாறாக அவள் நின்றாள். "நாளைக்கு மத்தியானம் அக்கா வருது. கொஞ்ச நாள் அங்க போய் இருக்கலாம்னு இருக்கு." எத்தனை நாள் என்று அவன் கேட்கவில்லை. கடையில் வேலையை விட்டுவிட்டாள், இன்று கணக்குத் தீர்க்கத்தான் போகிறாள் என்பது எப்போதும் மாட்டியில் தொங்கும் கடைச் சீருடை துவைத்து மடிக்கப்பட்டிருந்ததிலேயே தெரிந்தது. போகாதே என்று ஒரு வார்த்தை. அதைக்கூட வாயை நம்பிச் சொல்ல அவனுக்குப் பயம்.

அதனால்தான் காலையில் வந்ததும் வராததுமாக நால்வரையும் வடக்குக் குகைக்குள் கொண்டுபோனான். அங்கே ஒரு மோதிரம் உண்டு. போட்டவர் மேல் அடி விழாது. அதைப் பொடிக்குப் போட்டு வைத்தால் அவள் திறந்து பார்ப்பாள், பார்த்தால் புரிந்துகொள்வாள் என்று கணக்குப் போட்டான். பாதி வழியில் நெருப்பு கக்கும் ஒரு பல்லி. இரவெல்லாம் எஞ்சினுக்குள் தலையை விட்டிருந்த கண்கள் சொருகின. வாயாவின் முறையில் கவசத்துக்குப் பதில் தாக்குதலை அழுத்திவிட்டான். பொடி விழுந்தது, அது நின்ற இடத்தில் சவப்பெட்டி வந்தது.

பதறியடித்து வெளியே ஓடிவந்தான். எல்லோருக்கும் காயம் ஆறட்டும் என்று சத்திரத்தில் தங்கவைத்தான். சத்திரத்தில் தங்கினால் விளையாட்டு தானாகவே சேமித்துக்கொள்ளும், சேமிக்க ஒரே ஓர் இடம்தான் உண்டு என்பது பஸ் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பதைப் போல அவனுக்குத் தெரிந்த விஷயம். விடிந்ததற்கான இசை ஒலித்தபோதுதான் உறைத்தது. திரும்பிப்போக இனி பழைய இடம் இல்லை.

வழி இல்லாமலில்லை. ஊர்க்கோடியில் ஒரு கோயில் இருந்தது. மூவரையும் பெட்டியையும் அங்கே நடத்திக்கொண்டு போனான். வெள்ளைத் தாடிப் பூசாரி கேட்டார்: 'பொடியை உயிர்ப்பிக்கட்டுமா?' ஆம், வேண்டாம் என்ற இரண்டு சொற்களுக்கு நடுவில் அம்புக்குறி மினுங்கியது. ஒரு பொத்தான். பொடி எழுந்து பழையபடி கடைசியில் நின்றுகொள்ளும். தடயமே இருக்காது. அவளுக்கு ஒருநாளும் தெரியப்போவதில்லை.

அவன் கட்டைவிரல் பொத்தான்மேலேயே கிடந்தது. பூசாரி அவசரப்படவில்லை. தெருவில் யாரோ இரும்புக் கதவைத் தள்ளிச் சாத்தினார்கள். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தின் மருந்து நெடி எங்கிருந்தோ வந்து மூக்கில் ஏறியது. அவன் 'வேண்டாம்' என்பதை அழுத்தினான். வேறு ஏதாவது வேண்டுமா என்று பூசாரி கேட்டதற்கும் வேண்டாம் என்றான். பிறகு திரைமேல் கவிழ்ந்து, வாய்பொத்தி, தோள் குலுங்க அழுதான். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் அழுதிருக்க வேண்டிய அழுகை அது.

அக்கா மத்தியானத்துக்கு முன்பே வந்துவிட்டாள். கூடத்தில் தயாராக நின்ற பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, சமையலறைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"என்ன தம்பி, பொண்டாட்டி பெட்டி கட்டுறப்பவும் இந்தப் பெட்டிதானா கையில?"

"வாங்க அண்ணி, உக்காருங்க."

"உக்கார வரல. வண்டி கீழ நிக்குது." அவன் முகத்தை உற்றுப் பார்த்தவளின் குரல் சட்டென்று இறங்கியது. "கண்ணெல்லாம் ஏன் இப்படி? தூங்கலையா? அவதான் அழுத்தக்காரி. நீங்களும் வாயில கொழுக்கட்டையா வச்சிருக்கீங்க? ஒரு வார்த்தை பேசித் தொலைங்களேன்."

"பேசித்தான் அண்ணி கெட்டுப்போச்சு."

மனைவி உள்ளே வந்தாள். வெயிலில் நடந்து வந்ததில் நெற்றி வேர்த்திருந்தது. "கிளம்பலாம்க்கா" என்றாள் பொதுவாக. பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தாள்.

அவன் எழுந்துபோய்க் கருவியை அவள்முன் நீட்டினான். அவள் முதலில் வாங்கவில்லை. திரையைப் பார்த்தாள். பார்த்தபடியே நின்றாள். பிறகு கைப்பிடியை விட்டுவிட்டு, பெட்டியின் மேலேயே மெல்ல உட்கார்ந்தாள்.

"நான்தான்," என்றான் அவன். "மோதிரம் எடுக்கப் போனேன். கவசம் போட மறந்துட்டேன்."

அவள் விரல் திரையிலிருந்த சவப்பெட்டியைத் தொட்டது.

"கோயிலுக்கும் போனேன். எழுப்பட்டுமான்னு கேட்டாங்க." அவனுக்குக் குரல் உடைந்தது. "எழுப்பல. எழுப்பிட்டா... இருந்ததே இல்லன்னு ஆயிடும்."

அக்கா எதையோ கேட்க வாயெடுத்தவள், இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, "நான் கீழ வண்டிகிட்ட நிக்கிறேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள்.

மனைவி கருவியை வாங்கினாள். ஆடிக்கொண்டிருந்த அதன் கீலை, கண்ணாடிக் கடையிலிருந்து கொண்டுவந்த திருகாணியால் அவள்தான் ஒருசமயம் முறுக்கியிருந்தாள். அந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினாள். தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்.

"நீ தனியாவா அந்தக் குகைக்குள்ள போனே?"

அவன் தலையாட்டினான். அவள் பார்க்கவில்லை என்பது உறைத்து, "ஆமா" என்றான்.

அவள் மூவரையும் கோயில் பக்கம் திருப்பவில்லை. ஊர் வாசலைத் தாண்டி அந்தப் பழைய புல்வெளிக்கே நடத்திப் போனாள். முன்னால் தடி, அவன் பின்னால் வாயா, அக்கா, கடைசியில் பெட்டி. பெட்டி பின்தங்கிவிடுமோ என்பதுபோல ஓரோர் அடியாகத்தான் நகர்த்தினாள். குளத்தங்கரையில் நிறுத்தினாள். கீழே வண்டிக்காரன் ஒருமுறை ஹாரன் அடித்தான்.

இன்னும் ஓரடி வைத்தபோது ஒரு பச்சைப் பிராணி குறுக்கே குதித்தது. தடியின் பெயருக்குப் பக்கத்தில் அம்புக்குறி மினுங்கியது. அவள் எதையும் அழுத்தவில்லை. கருவியை இருவருக்கும் நடுவில், மடிக்கும் தரைக்கும் இடையே அந்தரத்தில், அப்படியே பிடித்திருந்தாள். அவன் தரையில் அமர்ந்து மறு ஓரத்தைப் பிடித்துக்கொண்டான். ஹாரன் மறுபடி கேட்டது. திரையில் அந்தப் பிராணி யாரையும் அடிக்காமல், இருந்த இடத்திலேயே மேலும் கீழும் துள்ளிக்கொண்டு காத்திருந்தது.