பாதிக் கோடு

மூன்றாவது முறை கணக்கைப் போட்டபோதும் தேவதர்ஷினிக்குப் பதின்மூன்றுதான் வந்தது. வரக்கூடாத விடை அது.

பிளஸ் ஒன் இயற்பியல் டீச்சர் கொடுத்திருந்த வீட்டுப்பாடம் எளிமையானதுதான். உங்கள் வீட்டில் ஓடும் ஏதாவது ஓர் இயந்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் போகும் ஆற்றல் எவ்வளவு, அதில் வேலையாக வெளியே வருவது எவ்வளவு என்று பாருங்கள். இரண்டுக்கும் உள்ள விகிதம்தான் பயனுறுதிறன். மற்ற பெண்கள் மிக்ஸியையும் தண்ணீர் மோட்டாரையும் எடுத்துக்கொள்ள, லைட்ஹவுஸ் குப்பத்துப் பெண்ணான தர்ஷினி அப்பாவின் ஃபைபர் படகை எடுத்துக்கொண்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை குப்பத்துக்குப் பின்னால் இருக்கும் ஏரியில் அப்பாவும் அவளும் அளந்தார்கள். படகை இழுக்க எவ்வளவு விசை வேண்டும் என்பதுதான் முதல் கேள்வி. மீன் எடை போடும் கொக்கித் தராசைக் கயிற்றின் நடுவில் மாட்டி, அப்பாவின் படகைப் பக்கத்து வீட்டுத் துளசிங்கத்தின் படகால் இழுக்கச் செய்து, தராசின் முள்ளைப் பார்த்துக்கொண்டாள். பிறகு அதே வேகத்தில் அப்பாவின் படகைத் தன் இன்ஜினில் ஓடவிட்டு, எவ்வளவு மண்ணெண்ணெய்க்கு எவ்வளவு தூரம் போகிறது என்று பார்த்தாள். காற்றே இல்லாத காலை. தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடந்தது. விடை, நூற்றுக்குப் பத்து.

மீதித் தொண்ணூறு எங்கே போனது என்பதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. தொட்டால் கை சுடும் இன்ஜினில் கொஞ்சம், புகையில் கொஞ்சம், காதைப் பிளக்கும் சத்தத்தில் துளி, பின்னால் நுரைத்துச் சுழலும் தண்ணீரில் நிறைய. எதுவும் அழியவில்லை. நமக்கு உதவாத இடங்களுக்குப் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

அடுத்ததாகக் கடல் கணக்கு. வலை விடும் இடம் வரைக்கும் உள்ள தூரத்தை அப்பாவின் போனில் பார்த்து வைத்திருந்தாள். போவதற்குச் சரியாக அரைக் கேன் மண்ணெண்ணெய், வருவதற்கு அரைக் கேன். அதற்குக் கணக்குப் போட்டால்தான் பதின்மூன்று வந்தது. அதே இன்ஜின், அதே படகு. அலையடிக்கும் கடலில் இன்னும் குறைய வேண்டிய எண் எப்படிக் கூடும்?

அவள் கேனைப் பார்க்க நினைத்தாள். வீட்டில் கேன் இல்லை. அக்கா புருஷன் பூவரசன் காலையில் அதை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போயிருந்தான். அப்பா செங்கல்வராயனின் வலது கையில் கெளுத்தி முள் ஏறி வீங்கியிருந்ததால், இன்றைக்கு முதல் தடவையாகப் பூவரசன் தானே படகை எடுத்திருந்தான். கூட அவனுடைய சிநேகிதன் தருமன். இருவரும் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் பல வருஷம் கான்ட்ராக்ட் வேலை பார்த்துவிட்டு, அது போனதும் கடலுக்குத் திரும்பியவர்கள்.

கிளம்பும்போது அப்பா அவனுக்குச் சொன்னது ஒன்றுதான். குப்பத்தில் எல்லாக் கேனிலும் நடுவே வெள்ளைப் பெயின்டில் ஒரு கோடு இருக்கும். "எண்ணெ கோட்டுக்கு வந்துச்சுன்னா எங்க இருந்தாலும் திரும்பிடு. மீதிய பாக்காத."

கோடு. போக அரை, வர அரை. ஏன் அந்த அரை போதுமானதாக இருக்கிறது?

வாசலில் கொடியில் கிடந்த துணிகள் எல்லாம் கடலைப் பார்த்துப் படபடத்துக்கொண்டிருந்தன. தர்ஷினி சற்று நேரம் அவற்றையே பார்த்தாள். பிறகு எழுந்து வாசலுக்கு வந்தாள்.

காலையில் காற்று கரையிலிருந்து கடலுக்கு அடிக்கும். படகின் முதுகில் கைவைத்துத் தள்ளும். மத்தியானம் திரும்பிக் கடலிலிருந்து கரைக்கு அடிக்கும். அப்போதும் முதுகில்தான் தள்ளும். கூடுதலாக வந்த மூன்று இன்ஜினுடையது இல்லை, காற்றுடையது. கணக்கில் எழுதாமல் விட்ட ஆற்றல். மண்ணெண்ணெயை மட்டும் எழுதிவிட்டு, சும்மா வந்து தள்ளியவனை மறந்திருக்கிறாள்.

இப்போது மத்தியானம் தாண்டிவிட்டது. ஆனி மாதத்துக் கச்சான் காற்று கரையிலிருந்து அனலாக இன்னும் வெளியேதான் அடித்துக்கொண்டிருந்தது.

அப்பா வேப்பமர நிழலில் வீங்கிய கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நைனா, காத்து திரும்பலன்னா இன்னா பண்ணுவீங்க?"

"திரும்பற வரைக்கும் நங்கூரத்த போட்டுட்டு படுத்துக் கெடப்போம். திரும்பாம யாரு கெளம்புவா?"

"மாமாகிட்ட அத சொன்னீங்களா?"

அவர் கொடியில் ஆடிய துணிகளைத் திரும்பிப் பார்த்தார். ஒருவருக்கும் சொல்லித்தந்து பழக்கமில்லாத விஷயம் அது. மூச்சு விடச் சொல்லித்தருவது மாதிரி. அவர் எழுந்த வேகத்தில் வீங்கிய கை மரத்தில் இடித்தது. அதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

போன் போட்டார்கள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. உள்ளே கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்த அக்கா மாலா, கையைத் துடைக்காமலேயே ஓடி வந்தாள். இன்னா ஆச்சு, இன்னா ஆச்சு என்று அவள் கேட்கக் கேட்க, அப்பா துளசிங்கத்தின் வீட்டுக்கு நடந்துகொண்டே இருந்தார்.

துளசிங்கம் சாப்பாட்டில் கைவைத்திருந்தான். விஷயத்தைக் கேட்டதும், முகத்துவாரத்துக்குப் பக்கத்தில்தான் எங்காவது கொஞ்சம் எண்ணெய் போதாமல் நிற்பார்கள், துடுப்புப் போட்டு வந்துவிடுவார்கள் என்று சமாதானம் சொன்னான்.

"பக்கத்துல இல்ல சித்தப்பா," என்றாள் தர்ஷினி. "பாதி வழியிலயே நின்னுருக்கும்."

"நீ போயி பாத்துட்டு வந்தியா? ஏரியில தராச கட்டி இழுத்தவதான நீ."

அவள் போய்ப் பார்க்கவில்லைதான். ஆனாலும் சொன்னாள். காற்று முதுகில் தள்ளினால் பத்து பதின்மூன்றாகிறது. அதே காற்று நெஞ்சில் தள்ளினால் பத்தில் மூன்று போய் ஏழுதான் மிஞ்சும். பதின்மூன்றுக்கு அரைக் கேன் முழு தூரம் கொண்டுபோகும் என்றால், ஏழுக்குப் பாதி தூரம்தான். எதிர் அலையைச் சேர்த்தால் அதுவும் வராது. இன்ஜின் நின்றபிறகு காற்று சும்மா இருக்குமா? வந்த வழியிலேயே வெளியே தள்ளிக்கொண்டு போகும்.

துளசிங்கம் அப்பாவைப் பார்த்தான். அப்பா, "எழுந்திரு," என்றார். அவன் சோற்றுத் தட்டிலேயே கை கழுவினான்.

இரண்டு கேன்களை ஏற்றிக்கொண்டு துளசிங்கமும் அப்பாவும் படகில் போனார்கள். கரையில் அக்காவும் தங்கையும் நின்றார்கள். காற்று முதுகில் மணலை அள்ளி அடித்தது. துளசிங்கத்தின் படகு எவ்வளவு சுலபமாகப் போகிறது என்று பார்க்கப் பார்க்கத் தர்ஷினிக்குப் பயம் கூடியது. எல்லாமே வெளியே போவதற்குச் சுலபமாக இருந்தது.

மாலா தங்கையின் மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்தாள். ஒரு கட்டத்தில், "உன் கணக்கு தப்பாவும் இருக்கலாம் இல்ல?" என்றாள். இருக்கலாம் என்றாள் தர்ஷினி. ஏரியில் ஒரே ஒரு தடவைதான் அளந்தோம், தராசு முள் ஆடிக்கொண்டேதான் இருந்தது என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டாள். தப்பான இடத்தைச் சொல்லி அனுப்பியிருந்தால்? முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் அவர்கள் உண்மையிலேயே கத்திக்கொண்டிருந்தால்? ஏழு என்பது அவள் அளந்த எண் இல்லை. காகிதத்தில் கழித்து எடுத்தது.

வெயில் சாய்ந்தது. காற்று ஒரு முறை நின்றது. பிறகு, மிகவும் தாமதமாக, முகத்தில் ஈரமாகப் பட்டது. திரும்பிவிட்டது.

அதற்கப்புறம்தான் தூரத்தில் ஒரு புள்ளி தெரிந்தது. புள்ளி இரண்டானது. முன்னால் துளசிங்கத்தின் படகு, பின்னால் கயிற்றில் கட்டிய அவர்களுடைய படகு. அதில் இரண்டு தலைகள். மாலா கையை விட்டுவிட்டு மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

இறங்கியதும் பூவரசன் யார் முகத்தையும் பார்க்கவில்லை. உதடெல்லாம் உப்புப் பூத்திருந்தது. நின்ற இடத்தில் கேனைப் பார்க்காமலே, இன்ஜினில் தண்ணீர் புகுந்ததென்று நினைத்து அதைக் கழற்றிக்கொண்டிருந்தார்களாம். நங்கூரம் போடத் தோன்றுவதற்குள் வெகு தூரம் தள்ளிவிட்டதாம். மெதுவாக அப்பாவிடம், "கோட்டுக்கு வந்ததும் திரும்பிட்டேன் மாமா. ஒரு சொட்டு கூட தாண்டல," என்றான்.

"தெரியும்பா," என்றார் அப்பா. "கோட்ட சொன்னேன். காத்த சொல்லல."

அவர் காலிக் கேனைத் தூக்கிப் பார்த்தார். இடது கை நகத்தால் அந்த வெள்ளைக் கோட்டைச் சுரண்டினார். பெயின்ட் கொஞ்சம்தான் உரிந்தது.

"இத எங்க போடணும்னு சொல்லு," என்றார் தர்ஷினியிடம்.

"ஒரே எடத்துல போட முடியாது நைனா. காத்துக்கு ஏத்த மாதிரி மாறும்."

அவர் தலையாட்டிவிட்டுத் தொடர்ந்து சுரண்டினார்.

துளசிங்கம் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தான். தர்ஷினி அவனிடம் போனாள். கேட்கலாமா என்று தயங்கி, கேட்டாள். எங்கே சித்தப்பா இருந்தாங்க?

"பாதிக்கு ரொம்பவே வெளியில. நீ சொல்லலன்னா நான் அந்தப் பக்கமே போயிருக்க மாட்டேன்."

"ரொம்பன்னா எவ்ளோ தூரம்?"

"அடிப் பாவி," என்றாள் மாலா மணலிலிருந்து, அழுகையும் சிரிப்புமாக. "வீட்டுக்கு வாடி மொதல்ல."