நானோரு கராவானி

சரக்குக் கப்பல்களுக்குக் காகிதம் பார்த்துக் கொடுக்கும் ஏஜென்சி ஆபீஸில் ஜெபசுதாவின் கை இரண்டும் கம்பெனிக்கு, காது இரண்டும் ஷாமுக்கு. கண்டெய்னர் எண்களைத் தட்டிக்கொண்டே 'மங்கா மண்டி' கேட்பாள். மண்டி என்றதும் மாம்பழம் என்று நினைத்துவிட வேண்டாம். ஜப்பான்காரன் கறுப்பு வெள்ளையில் வரைகிற படக்கதைக்கு மங்கா என்று பெயர். அதுவே ஓடியாடினால் அனிமே. இவற்றைப் பற்றி வாராவாரம் வாய் ஓயாமல் தமிழில் பேசும் பாட்காஸ்ட் அது. பேசுகிற ஷாம் இதே ஊர் மில்லர்புரத்துக்காரன்.

நேயர்களைக் குரல் பதிவு அனுப்பச் சொல்வான். ஜெபசுதா அனுப்பினாள். மங்காவில் பேச்சே இல்லாத வெற்றுக் கட்டம் எதற்கு என்பது பற்றி. "உப்பளப் பாத்தியில தண்ணி சும்மா கிடக்கிற மாதிரிதான் தெரியும், ஆனா வெயில் வேலை பாத்துக்கிட்டே இருக்கும்லா, அதுமாதிரி அந்தக் கட்டத்துல நம்ம மனசு உப்புக் கட்டும்" என்று அவள் சொல்லியிருந்தாள். அடுத்த வாரம் ஷாம் தொண்டையைச் செருமிக்கொண்டு, "உப்பளம் பக்கமாப் போயிட்டிருந்தேன், எனக்கு ஒண்ணு தோணிச்சு" என்று ஆரம்பித்தான். அவள் மூச்சு வாங்கிய இடத்தில் அவனும் மூச்சு வாங்கினான். அந்த எபிசோடுக்குக் கிடைத்த பாராட்டு கொஞ்சநஞ்சமல்ல.

அதோடு நின்றானா? ருசி கண்ட பூனை உறியை விட்டு இறங்குமா? அவள் அனுப்பியதெல்லாம் அவன் வாயில் அவன் சரக்காக வந்தது. 'என் பேரையாவது சொல்லுங்கண்ணே' என்று கேட்டு எழுதினாள். பதில் குரலிலேயே வந்தது.

"தங்கச்சி, யோசனைக்கெல்லாம் பட்டாவா இருக்கு? காத்துல வந்துச்சு, பிடிச்சேன். நாலு பேரு காதுல விழுந்துச்சேன்னு சந்தோஷப்படு."

கூடவே ஒரு சிரிப்புப் பொம்மை. திருட்டைக்கூடப் பொறுத்திருப்பாள், அந்தப் பொம்மையைப் பொறுக்க முடியவில்லை.

பக்கத்து நாற்காலி பிரேமா எட்டிப் பார்த்தாள். "ஏளா, ஒரு வக்கீல் நோட்டீஸ் விடேன்."

"நோட்டீஸா? அவன் வாயாலயே சொல்ல வைக்கேன் பாரு. ஊரக் கூட்டி வச்சு."

ஜெபசுதாவின் அப்பா அற்புதமணிக்குச் சாத்தான்குளத்தில் பலசரக்குக் கடை. கிடைக்காத சரக்கு என்று காதோடு சொன்னால் வாங்குகிறவன் தராசைப் பார்க்க மாட்டான் என்பது கல்லாவில் உட்கார்ந்து அவர் கண்ட ஞானம். மகள் அந்த ஞானத்தைக் குழைத்து ஒரு பதிவு செய்தாள்.

"ஷாம் அண்ணே, யாருக்கும் தெரியாத ஒரு மங்காக்காரர் இருக்காரு. பேரு நானோரு கராவானி. புத்தகம் 'யோசானா சுட்டென்'. இங்கிலீஷ்ல வரல, நெட்ல தேடினாலும் கிடைக்காது. ஜப்பான்காரங்க நாக்குல ளகரம் நிக்காதுலா, அதான் 'ரா'ங்காங்க. அந்த இடத்துல 'ள' போட்டுக் குறுக்கி, மத்ததைத் தமிழ் நாக்குக்குத் தோதா மாத்திச் சொன்னாத்தான் சரியான உச்சரிப்பு. வெளிய சொல்லிராதீங்கண்ணே."

கேட்ட பிரேமா வாயைப் பொத்திக்கொண்டாள். "கண்டுபிடிச்சிர மாட்டானா?"

"வெளிய சொல்லாதீங்கன்னு சொல்லிருக்கேன்லா. சொல்லுற அவசரத்துல எங்க யோசிக்கப் போறான்?"

மங்கா மண்டியின் முதல் நேரடி நிகழ்ச்சி கடற்கரைச் சாலை அரங்கு ஒன்றில் நடந்தது. பச்சை முடியும் அட்டை வாளுமாக அனிமே வேஷம் கட்டிய பிள்ளைகள் நிறைந்திருந்தார்கள். ஏரலிலிருந்து வந்த ஒருவன் விக்கைத் துணிக்கடைப் பையில் சுற்றிக் கொண்டுவந்து வாசலில் மாட்டிக்கொண்டான். ஜெபசுதாவும் பிரேமாவும் நடு வரிசையில் உட்கார்ந்தார்கள்.

ஷாம் கைகளை விரித்தான். "இன்னிக்கு ஒரு பொக்கிஷம் தாரேன். பல வருஷ ஆராய்ச்சியில நான் கண்டுபிடிச்ச கலைஞர், நானோரு கராவானி!"

கைதட்டல். ஷாமே சேர்ந்து தட்டினான்.

பிரேமா எழுந்து மைக்கை வாங்கினாள். "சார், அந்தப் பேரையும் புத்தகத்தையும் நம்ம வாய்க்கு வார மாதிரி சரியாச் சொல்லித் தாங்களேன்."

"நல்ல கேள்வி. ஜப்பான்காரங்க நாக்குல ளகரம் நிக்காது. 'ரா' வார இடத்துல 'ள' போட்டுக் குறுக்கி, மத்ததைத் தமிழ் நாக்குக்குத் தோதா மாத்திச் சொல்லணும்." மேடையேறியவனுக்குத் தன் குரல் இனிக்கும், சொல்லுகிற சொல் காதில் ஏறாது. மைக்கை உதட்டோடு ஒட்டிக்கொண்டு, நிறுத்தி நிதானமாகச் சொன்னான். "நானொரு களவாணி. யோசனை சுட்டேன். எல்லாரும் கூடச் சொல்லுங்க!"

பின் வரிசையில் ஒருவன் 'ஏலே!' என்றான். அவ்வளவுதான், அரங்கம் வெடித்தது. பச்சை முடிகள் குலுங்கின, அட்டை வாள்கள் தரையில் விழுந்தன. ஷாமும் கூடச் சிரிக்கத் தொடங்கி, வாய்க்குள் தன் சொல்லையே ஒருமுறை புரட்டிப் பார்த்து, வெளுத்தான். அத்தனை போன்களும் அந்த முகத்தைப் பிடித்துக்கொண்டிருந்தன. ஜெபசுதா சிரிக்கவில்லை. விருந்தில் பாயசத்தைச் சொட்டு விடாமல் வழித்துச் சாப்பிடுகிறவள் போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாளே யாரோ அந்த வீடியோவுக்கு மெட்டுப் போட்டு நெட்டில் விட்டுவிட்டார்கள். அதன் பிறகுதான் ஷாம் கூப்பிட்டான்.

"ஜெபா, ரோட்டுல நடக்க முடியல. டீக்கடையில 'வாங்க களவாணி அண்ணாச்சி'ங்கான். உனக்கு என்னதாம்மா வேணும்?"

"உப்பளம் ஜெபசுதா சொன்னதுன்னு மண்டியில சொல்லணும்."

"சரி, சொல்லுதேன்."

கடைக்காரன் மகளுக்கு அந்தச் 'சரி' கசந்தது. சொன்ன விலைக்கு உடனே தலையாட்டுகிறான் என்றால் குறைத்துச் சொல்லிவிட்டோம் என்றுதானே அர்த்தம்?

"இருங்கண்ணே. அது உப்பளத்துக்கு மட்டும். என் யோசனை எந்தெந்த எபிசோடுல கிடக்கோ, அம்புட்டையும் ஒண்ணொண்ணா எடுத்து, 'இதுவும் நான் சுட்டது'ன்னு சொல்லணும்."

"ஏளா, அது பாதி மண்டியாச்சே!"

"அப்பம் மீதிப் பாதி யாருகிட்ட எடுத்தது? அவங்க பேரையும் சொல்லிருங்க."

அந்தப் பக்கம் ஷாம் எபிசோடு எண்களை ஒவ்வொன்றாக முணுமுணுத்து எண்ணுவது கேட்டது. ஜெபசுதா ஒலியைக் கூட்டி வைத்துக் கேட்டாள்.