ஜப்பான் வீட்டின் அடித்தளம்

அரபு நாட்டில், புஜைரா மலைக்குள்ளே ஜப்பான் வீடு என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் அர்பாப், அதான் அரபு முதலாளி, ஆசைப்பட்டுவிட்டாரே! ஜப்பானில் ஏதோ ஒரு கிராமத்தில் பாழடைந்து கிடந்த மரவீட்டை வாங்கி, கழற்றி, கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்து காட்டாற்றுப் பள்ளத்தில் நிறுத்திப் புதுப்பித்துக்கொண்டிருந்தார். ஆனால் ஒரே பிடிவாதம். பாறையை அசைக்கக் கூடாது, முள்மரத்தை வெட்டக் கூடாது, மழைத்தண்ணீரை மறிக்கக் கூடாது. அதனால் வீடு கற்களின்மேல் இடுப்புயரத்தில் நின்றது. தண்ணீர் வந்தால் அடியில் புகுந்து தன்பாட்டுக்குப் போய்விடும்.

அங்கே வேலை பார்த்த நம்மாட்கள் கண்ணுக்கு அது தண்ணீர் வழியாகவா தெரியும்? நிழலாகத்தான் தெரிந்தது. கோடையில் மத்தியான ரெஸ்டுக்கு அதற்குள் ஊர்ந்துபோய்ப் படுத்தார்கள். அனல்காற்று மட்டும் விடவில்லை.

"மச்சான், சுத்தி அடைச்சா ஃபேன் போட்டுக்கலாம்ல?" என்றான் சரவணகுமார். அம்மையப்பனின் தங்கச்சி விஜியைக் கட்டியவன். மாப்பிள்ளை வாய்விட்டுக் கேட்டால் மறுப்பதா? அம்மையப்பன் ஷட்டரிங் கார்பென்டர், கான்கிரீட்டைத் தாங்கப் பலகை அடித்தே பழகிய கை. மலைப்பக்கம் மட்டும் வழி விட்டு மற்ற மூன்று பக்கமும் பிளைவுட் அடித்து, முட்டுக் கொடுத்து, இம்மி அசையாமல் இறுக்கிவிட்டான்.

ஒருநாள் சாப்பாட்டு வண்டி வந்ததும் எல்லாரும் மேட்டுக்குப் போனார்கள். சரவணகுமார் காய்ச்சலில் அசந்து அடியிலேயே கிடந்தான். இங்கே சுள்ளென்று வெயில், மழை பெய்ததெல்லாம் மலைக்கு அந்தப்பக்கம். திடீரென்று லாரி லாரியாய்க் கல் கொட்டுகிற சத்தம். திரும்பினால், அடேயப்பா, பள்ளம் முழுக்கச் செந்தண்ணீர்!

"மாப்ள!" என்று கத்திக்கொண்டு ஓடினான் அம்மையப்பன். விட்டிருந்த வழியில் பாறையும் முள்ளும் வந்து ஆள் நுழையாதபடி அடைத்திருந்தன. இறங்கப் பார்த்தவனை வெள்ளம் தூக்கிக் கல்லில் அடித்தது. தோள் கிழிந்தது. தண்ணீர் உள்ளே போகிறது, வெளியே போக வழியில்லை. அவன் அடித்த பலகை அப்படி!

வீட்டுக்குள் ஏறினான். காலுக்குக் கீழே தட்டுகிற சத்தம் கேட்டது.

"மச்சான்... மச்சான்..."

மூலையில் கிடந்த கோடரியை எடுத்து ஓங்கியபோது ஃபோர்மேன் சேதுமாதவன் பாய்ந்து கையைப் பிடித்தான்.

"யோவ், பைத்தியமா? இந்தத் தரையில ஆணியே கிடையாது. ஒண்ணுக்குள்ள ஒண்ணு கோத்தது. ஒண்ணை உடைச்சா மொத்தமும் போச்சு. அர்பாப் என்னை உசுரோட விடுவானா? போன் போட்டுட்டேன், ஆள் வருது!"

"எதுக்கு வருது? பொணம் தூக்கவா?"

கோடரிக் காம்பால் வாயிலேயே ஒன்று போட்டான். பல் உடைந்து சேதுமாதவன் மல்லாந்து விழுந்தான். அதைப் பார்க்க அம்மையப்பனுக்கு ஏது நேரம்? வெட்டினான். அந்தப் பழைய மரம் இரும்பாய் நின்றது. சிராய் தெறித்துக் கன்னத்தில் ஏறியது, உள்ளங்கை பிளந்து காம்பு வழுக்கியது. இடுக்கு வழியாகத் தண்ணீர் பொங்கி மேலே வந்தது.

தட்டுகிற சத்தம் நின்றுபோனது.

"ஐயோ விஜி!" என்று அலறினான்.

சேதுமாதவன் எழுந்து வந்தான், வாயெல்லாம் ரத்தம். அடிக்கத்தான் வருகிறான் என்று அம்மையப்பன் கோடரியைத் திருப்பினான். அவனோ கடப்பாரையை இடுக்கில் சொருகித் தொங்கி நெம்பினான். பலகை படீரென்று பெயர்ந்தது. அம்மையப்பன் தோள்வரை கையை விட்டுத் துழாவினான். முடி சிக்கியது. பிடித்து இழுத்தான். முகம் நீலம் பாய்ந்து, வாய் நிறையச் சேறோடு வந்தான் மாப்பிள்ளை. மூச்சில்லை.

குப்புறப் போட்டு முதுகில் குத்தினான். புரட்டிக் கன்னத்தில் அறைந்தான். "எந்திரிடா! எந்திரிடா நாயே!" தங்கச்சி புருசனை அதுவரை ஒருமுறைகூட டா போட்டுக் கூப்பிட்டதில்லை. மறுபடி அறைந்தான். சரவணகுமார் உடம்பு வெட்டி இழுத்தது. சேறாய் வாந்தியெடுத்தான், இருமினான், கண்ணைத் திறந்தான்.

அம்மையப்பன் நிறுத்தவில்லை. அழுதுகொண்டே மாறி மாறி அறைந்தான். சேதுமாதவன் பின்னாலிருந்து கட்டிப்பிடித்து இழுத்தான்.

"விடுய்யா! உசுரு வந்துருச்சுய்யா. நீயே அடிச்சுக் கொன்னுடாத!"