மிஞ்சிய கேள்விக்குறி

மதியம் இரண்டு மணிக்குக் கணவனிடமிருந்து போனில் வந்த பதிலைப் பார்த்து அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு வார்த்தைகூட இல்லை. கமாக்களும் முற்றுப்புள்ளிகளுமாக, எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரே வரிசை. கடைசியில் ஒரு கேள்விக்குறி.

அவள் வேலை பார்க்கும் மருத்துவமனைச் சலவை அறையில் மேற்பார்வையாளர் வேலை காலியாகியிருந்தது. நாலு மணிக்குள் ஆங்கிலத்தில் விண்ணப்பம் கொடுக்கவேண்டும். போன வருடம் அவள் தானே எழுதியதை மேனேஜர், "எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுதுன்னே தெரியலம்மா" என்று திருப்பித் தந்துவிட்டார். வார்த்தைகள் அவளுக்குச் சரளமாக வரும். நிறுத்தக்குறி வைக்கத்தான் கை ஓடாது. அதிலிருந்து அவள் வெறும் வார்த்தைகளை அனுப்புவாள், அச்சகத்தில் பிழை திருத்தும் கணவன் கமா, புள்ளி எல்லாம் போட்டுத் தருவான்.

ஞாயிற்றுக்கிழமை வந்த தன் தங்கையிடம் அவன், "உன் அண்ணி லெட்டரைப் படிச்சா மூச்சு முட்டிடும்" என்று சிரித்தான். "இனிமே என் லெட்டரைத் தொடாதீங்க" என்றாள் அவள். மூன்று நாளாகப் பேச்சில்லை. இன்று வேறு வழியில்லாமல் ரோஷத்தை மடித்து வைத்துவிட்டு விண்ணப்பத்தின் வார்த்தைகளை அவனுக்கு அனுப்பியிருந்தாள்.

பக்கத்தில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த அக்கா எட்டிப் பார்த்தாள். "என்னடி இது, கொசு அடிச்சு வெச்சிருக்காரா?"

"கமா, புள்ளி மட்டும் வரிசையா அனுப்பியிருக்கார், எது எங்கன்னு சொல்லல. உதவி பண்றாரா, நக்கல் பண்றாரான்னே தெரியலக்கா."

"புருஷன்ல, ரெண்டும்தான். நீ படி, நான் கேக்கறேன்."

"உங்களுக்குத்தான் இங்கிலீஷ் தெரியாதே."

"நீ எங்க நிக்கறன்னு தெரியும்ல."

அவள் சத்தமாகப் படித்தாள். நின்ற இடத்திலெல்லாம் அக்கா இஸ்திரிப் பெட்டியை மேசையில் தட்டினாள். முதல் தடவை ஒரு கமா குறைந்தது. அடுத்த தடவை இரண்டு கூடிப்போனது. அடித்து அடித்து எழுதினாள். மூன்றாம் தடவை அவன் அனுப்பிய வரிசையோடு ஒவ்வொன்றாக ஒத்துப்போயிற்று. நாலு வாக்கியம், நாலு புள்ளி. கேள்விக்குறி மட்டும் தனியாக நின்றது.

'இந்த வேலையை எனக்குத் தருவீர்கள் என்று நம்புகிறேன்' என்பது கடைசி வாக்கியம். வேலை கேட்பது கேள்விதானோ? பேனா அங்கேயே தயங்கியது. மணி மூன்றே முக்கால். வருவது வரட்டும் என்று புள்ளியோடு நிறுத்தினாள்.

மேனேஜர் ஒரே மூச்சில் படித்தார். "நீயே எழுதினதா?"

"வார்த்தை என்னுது சார். புள்ளி..." கொஞ்சம் யோசித்தாள். "வெச்ச இடம் என்னுதுதான்."

"வெள்ளிக்கிழமை வந்து பாரு" என்று தன் மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டார். திருப்பித் தரவில்லை.

வெளியே வந்ததும் கணவனைக் கூப்பிட்டாள். "குடுத்தாச்சு. ஒழுங்கா போட்டு அனுப்பினா என்னவாம்?"

"தொடாதேன்னியே. தொடலை."

"கேள்விக்குறி ஒண்ணு மிஞ்சிடுச்சு. எங்க போடணும் அதை?"



"அது லெட்டருக்கு இல்ல" என்றான்.

"பின்ன?"

"தங்கச்சி முன்னாடி சிரிச்சேன்ல, அதுலேருந்து மூணு நாளா உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். வார்த்தை வரல."

"என்ன கேக்கணும்?"

"அதான் வார்த்தை வரலங்கறேனே."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் இஸ்திரி அக்கா நின்றிருந்தாள். "என்னவாம்?"

"தெரியலக்கா" என்றாள், முகம் மட்டும் சிவந்துபோய். "வீட்டுக்குப் போய்த்தான் கேக்கணும்."