சங்கத் தலைவர் வீட்டுப் பேச்சு

என் தங்கை கலைமதியின் கணவர் திருமுருகன், டல்லாஸ் பக்கம் ஏதோ ஒரு ஊரில் தமிழ்ச் சங்கத் தலைவர். யாரும் சொல்லி நான் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. மகனின் காதுகுத்துப் பத்திரிகையிலேயே அச்சடித்திருந்தார். குலதெய்வத்தின் பெயரைவிட அது பெரிய எழுத்து.

வந்த மறுநாளே விராலிமலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் மைக்கைப் பிடித்துவிட்டார். வீட்டில் தமிழ் பேசாதவன் தாயை மறந்தவன் என்று முக்கால் மணி நேரம் முழங்கினார். பிள்ளைகள் வெயிலில் காய்ந்தார்கள். மோட்டார் காயில் கட்டுகிற என் கடையை அடைத்துவிட்டுப் போய் நானும் கை தட்டினேன். மாப்பிள்ளை ஆயிற்றே, தட்டாமல் இருக்க முடியுமா?

மகன் பெயர் நன்மாறன். சுத்தமான தமிழ்ப் பெயர். வீட்டில் கூப்பிடுவது 'நேன்'. வயது ஒன்பது. "மாமாடா, இங்கிட்டு வா" என்று கூப்பிட்டால் அப்பா முகத்தைப் பார்ப்பான். அவர் இங்கிலீஷில் சொன்ன பிறகுதான் கால் நகரும்.

கலைமதி நேர் எதிர். கல்யாணத்துக்கு முன்னால் கேட்ட கேள்விக்கே பதில் சொல்லமாட்டாள். இப்போது வாய் ஓயவில்லை. பூக்காரியிடம் பேசுகிறாள், மினி பஸ் கண்டக்டரிடம் பேசுகிறாள், ரேஷன் கடை வரிசையில் முன்பின் தெரியாதவர்களிடம் புளி விலையில் ஆரம்பித்து அவர்கள் மகள் பிரசவம் வரை போகிறாள்.

"அமெரிக்கா போயி ஒங்க தங்கச்சிக்கு வாய் நீண்டுபோச்சு" என்றாள் என் மனைவி செவந்தி. நானும் ஆமாம் போட்டேன். வசதி வந்தால் பேச்சும் வரும் என்று மனசுக்குள் ஒரு எகத்தாளம்.

குடுமியான்மலைக்குப் பக்கத்தில் எங்கள் கோயிலில் காதுகுத்து. மொட்டை போட்டுச் சந்தனம் பூசி, பையனை என் மடியில் உட்காரவைத்தார்கள். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். சோலையப்பன் ஆசாரி தங்கக் கம்பியை எடுத்தார்.

"ஒரு நிமிஷம் மச்சான், நம்ம சங்கத்துல எல்லாரும் லைவ்ல பாக்குறாங்க" என்று திருமுருகன் போனை நீட்டிக்கொண்டு பையனைப் பார்த்துத் தலையசைத்தார். பையன் நிமிர்ந்து உட்கார்ந்து, எல்லோருக்கும் வணக்கம், தமிழ் என் மூச்சு, தமிழ் என் பேச்சு என்று மூச்சு விடாமல் ஒப்பித்தான். கூட்டம் கை தட்டியது.

"பாத்தியா, அங்க பொறந்த புள்ளப்பா!" என்று என் பெரியப்பா மகன் ரத்தினவேல் கண் கலங்கினான். அவன் பிள்ளைகள் மூன்றும் நாளெல்லாம் தமிழில்தான் பேசுகின்றன. அதற்கு அவன் ஒரு நாளும் கலங்கியதில்லை.

ஆசாரி குத்தினார். பையன் துடித்து அலறினான். வாயில் போடச் சர்க்கரையை அள்ளிக்கொண்டு கலைமதி ஓடி வந்தாள்.

"அழாதடா என் ராசா, முடிஞ்சிருச்சுடா, அம்மா இருக்கேன்ல."

அவன் அவள் கையைத் தட்டிவிட்டான். சர்க்கரை என் வேட்டியெல்லாம் கொட்டியது. "நாட் யூ! ஐ வான்ட் டாட்!" என்று கத்தினான். அந்த அளவு இங்கிலீஷ் எனக்கும் தெரியும். திருமுருகன் வந்து காதோடு ஏதோ சொன்னார், அழுகை அடங்கிவிட்டது. பெற்றவள் வெறுங்கையோடு நின்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பந்தி முடிந்ததும் வேன் பக்கத்தில் அவளைத் தனியாகப் பிடித்தேன்.

"பெத்த புள்ளைக்கு நாலு வார்த்தை தமிழ் சொல்லிக்குடுக்க ஒனக்கு வலிக்குதா? அம்புட்டுப் பவுசா?"

"மூணு வயசு வரைக்கும் அவன் பேசலைண்ணே" என்றாள். "ரெண்டு பாஷை காதுல விழுந்தா புள்ள கொழம்பும்னு யாரோ சொன்னாங்களாம். வீட்டுல இனிமே இங்கிலீஷ் மட்டும்தான்னு அவரு சொல்லிட்டாரு. என் இங்கிலீஷ் ஒனக்குத் தெரியாதா? நான் வாயத் தொறந்தா புள்ள சிரிப்பான், அவரும் சேந்து சிரிப்பாரு. நான் பேசுறத விட்டுட்டேன். ஞாயித்துக்கெழமையானா அவரு சங்கத்துப் புள்ளைங்களுக்குத் தமிழ் சொல்லிக்குடுக்கப் போயிருவாரு."

ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். வளர்ந்த லட்சணத்தைத்தான் என் மடியிலேயே பார்த்தேனே. தாயை மறந்தவனாம்! இவருக்கு மைக் ஒரு கேடு.

"இந்தா, நாலு பேரு முன்னாடி நாக்கப் புடுங்குற மாதிரி கேக்குறேன்" என்று வேட்டியை மடித்துக் கட்டினேன்.

கலைமதி என் கையைப் பிடித்தாள்.

"அவர விடுண்ணே. நீ என்ன செஞ்ச? ஆறு வருஷமா தெனம் ஒனக்குத்தான போன் போட்டேன். 'கடையில ஆளு நிக்குது, விஷயத்தச் சட்டுனு சொல்லு'ம்ப. எனக்கு என்னண்ணே விஷயம் இருக்கு? பேசத்தான் கூப்புட்டேன்."

வேட்டியை இறக்கிவிட்டேன். கடையில் பல நாள் யாருமே நின்றதில்லை.